ஜாஃபர் சாதிக்கின் ரப்பர் வைத்தியம்

பாபநாசம் கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருக்கிறார் ஜாஃபர் சாதிக். ஐம்பத்தொரு வயது. பதினாறு வருடம் சவுதியின் தம்மாமில் ஒரு ரொட்டிக்கடையில் மாவு பிசைந்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே அறையில் கூட இருந்தவர் குப்பையில் போட இருந்த கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, கழற்றிப் பார்த்ததில் பிடித்த பைத்தியம் ஊருக்கு வந்தும் விடவில்லை. யார் வீட்டிலாவது கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று காதில் விழுந்தால் போதும், கடையை மைத்துனர் தலையில் கட்டிவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு கிளம்பிவிடுவார். காசு வாங்க மாட்டார், டீ கொடுத்தால் குடிப்பார். கேட்டால் பொழுதுபோக்கு என்பார். "பொழுது எங்க போகுது, இவருதான் போறாரு" என்பார் அவர் மனைவி மர்யம்.

அவரைப் போன்ற பைத்தியங்கள் சுற்றுவட்டாரத்தில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் சேர்ந்து 'பெட்டி திறப்போர் சங்கம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற மிக்கேல்ராஜ்தான் அதற்குத் தலைவர் மாதிரி. முப்பது வருடம் சோதனைக் குழாய் கழுவிய மனிதர். கழுவுவதற்கு முன்னால் நிறத்தை எழுதிவை என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றியவர். அந்தப் பழக்கத்தில் சங்கத்துக்கும் இரண்டு விதிகள் போட்டார். ஒன்று, பெட்டியைத் திறந்ததும் எதையும் தொடுவதற்கு முன்னால் போட்டோ எடுத்துக் குழுவில் போட வேண்டும். இரண்டு, ஒருவர் சொன்ன காரணம் தப்பாகப் போனால், கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரரிடம் நேரில் போய் அதை அவரே சொல்ல வேண்டும். இரண்டாவது விதியால் பலருக்குப் பல வீடுகளில் மானம் போயிருக்கிறது. ஆனால் அதனாலேயே ஊர் அவர்களை நம்பியது.

ஜாஃபருக்கு முதல் விதி கொஞ்சம் கசக்கும். பத்துப் பெட்டியில் ஆறு பெட்டி ஒரே வைத்தியத்தில் எழுந்துவிடும்போது எதற்குப் போட்டோவும் பஞ்சாயத்தும் என்பது அவர் கட்சி. ரேம் என்கிற அந்த நீளப் பட்டையை உருவி, அதன் ஓரத்துச் செம்பொன் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் நான்கு தேய் தேய்த்துத் திரும்பச் செருகினால், செத்துக்கிடந்த கம்ப்யூட்டர் கண் விழிக்கும். கை கண்ட மருந்து. சட்டைப் பையில் பேனா இல்லாவிட்டாலும் ரப்பர் இருக்கும். ஊரில் அவருக்கு 'ரப்பர் பாய்' என்றே ஒரு பெயர் உண்டு, அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமைதான் அவரைக் கவிழ்த்தது.

குடமுருட்டி ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கிராமத்தில் கலைமகள் என்ற பெண்மணியின் வீடு இருக்கிறது. கணவர் குவைத்தில் டிரைவர். இங்கே நிலத்தைத் தனி ஆளாகப் பார்த்துக்கொள்பவர் கலைமகள்தான். ஒரே மகள் இசைவாணி, இருபத்திரண்டு வயது. எங்கோ தூரத்து ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலை அவளுக்கு, வீட்டிலிருந்தே. காதால் கேட்டு எழுதும் வேலைக்கு அமைதி வேண்டுமே. தெருப்பக்கம் பஸ் சத்தம், கொல்லைப்பக்கம் மோட்டார் சத்தம். அதனால் நடுவிலிருந்த நெல் அறையில் ஓரமாக மேசை போட்டுக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டாள். கதவையும் ஒற்றை ஜன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டால் வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே வராது. பக்கத்தில் சுவரோரமாக நெல்மூட்டைகள் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும்.

முதல் தடவை கம்ப்யூட்டர் நின்றது ஒரு மாசி மாதத்தில். ஜாஃபர் போனார், பெட்டியைத் திறந்தார். ரேமின் பற்கள் கறுத்திருந்தன. ஒரு பொட்டுப் பொன்னிறம் தெரியவில்லை. தேய்த்தார், எழுந்துகொண்டது. ஏன் கறுத்தது என்று இசைவாணி கேட்டதற்கு மாசிப் பனி என்றார். அறையில் லேசாகப் பூண்டு வாடை அடித்தது. சமையல் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார். போட்டோ எடுக்கவில்லை.

அடுத்தது ஐப்பசியில். அதே கறுப்பு, அதே ரப்பர். இந்தத் தடவை மழை ஓதம் என்றார். பனிக்காலத்தில் பனி, மழைக்காலத்தில் மழை. காரணத்துக்கா பஞ்சம்? மாசியில் சம்பா அறுத்து மூட்டை உள்ளே வந்திருக்கிறது, ஐப்பசியில் குறுவை அறுத்து வந்திருக்கிறது, இரண்டு தடவையும் அதற்குப் பிறகுதான் பெட்டி நின்றிருக்கிறது. நெல் விளையும் ஊரில் பிறந்தவருக்கு அது உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. அன்றைக்கு டீ கொடுக்கும்போது கலைமகள் ஒரு குறையும் சொன்னார். பெண்ணுக்கு ஓயாமல் தலைவலியாம், சில நாள் வாந்தியும் வருகிறதாம், கண் டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தும் நிற்கவில்லையாம். எல்லாம் இந்தப் பெட்டியை முறைத்துப் பார்ப்பதால் வருவது, நீங்களாவது புத்தி சொல்லுங்கள் என்றார். ஜாஃபர் சிரித்துக்கொண்டே, பெட்டிக்கு வைத்தியம் பார்த்துவிட்டேன், பெண்ணுக்குப் பார்க்க எனக்குத் தெரியாது என்றார். இசைவாணியும் சிரித்தாள். நாள் முழுக்க ஊரார் நோயைத் தட்டச்சு செய்கிறவள் அவள். தன் நோய்க்குப் பெயர் அவளுக்கும் தெரியவில்லை.

மூன்றாவது தடவை இந்தப் பங்குனியில். சம்பா நல்ல விளைச்சல். வழக்கத்தைவிட இரண்டு பங்கு மூட்டை அறைக்குள் ஏறியிருந்தது. ஜாஃபர் போனபோது இசைவாணி வெளுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பற்களைத் தேய்த்தார், செருகினார். எழவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தார், எழவில்லை. உள்ளே செம்புக் கம்பி தெரிகிற இடமெல்லாம் கரி பூசினதுபோல் இருந்தது. கை கண்ட மருந்து கைவிட்டதும்தான் மனிதருக்குச் சங்கத்தின் ஞாபகமே வந்தது. பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, மதர்போர்டு என்கிற உள்பலகையைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார்.

கெபாசிட்டர் போயிருக்கும் என்று மிக்கேல்ராஜ் எழுதினார். பவர் சப்ளையை மாற்றிப் பாருங்கள் என்றார் இன்னொருவர். மூன்றாவதாக வந்தது எழுத்து இல்லை, போன். பேசியது பூர்ணிமா. நெல் கிடங்கு ஒன்றில் வேலை பார்ப்பவர், சங்கத்தின் ஒரே பெண் உறுப்பினர்.

"அண்ணே, அந்தக் கம்ப்யூட்டர் இருந்த ரூம்ல நெல்லு இருக்கா?"

இருக்கிறது என்றார் ஜாஃபர்.

"வண்டுக்கு மாத்திரை வச்சிருக்காங்களா? எங்க கிடங்குல மாத்திரை வைக்கிறதுக்கு முன்னாடி எலக்ட்ரானிக் தராசை வெளியில தூக்கி வச்சிருவோம். ஒரு தடவை மறந்துட்டோம், உள்ள இருந்த செம்பெல்லாம் இதே மாதிரி கறுத்துப்போச்சு. அந்த மாத்திரையிலேருந்து வர்றது விஷக் காத்துண்ணே. அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கு?"

மாசியில் அடித்த பூண்டு வாடை இப்போதுதான் ஜாஃபரின் மூக்கில் ஏறியது. இசைவாணியின் நம்பருக்கு அடித்தார், மணி போய்க்கொண்டே இருந்தது. கலைமகள் வயலுக்குப் போன் கொண்டுபோகிறவர் இல்லை, உளுந்து பறிக்கும் நாட்கள் வேறு. வண்டியை எடுத்தார். பாலத்தில் எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்காமல் போய் வசவு வாங்கினார். வாழ்நாளில் அவர் அப்படி ஓட்டியதில்லை. யா அல்லாஹ் என்பதைத் தவிர வாயில் வேறு சொல் வரவில்லை.

வாசல் கதவு திறந்து கிடந்தது. நெல் அறையின் கதவு சாத்தியிருந்தது. வேலை இல்லாத நாள், தலைவலி வேறு, வெளிச்சம் படாத அறை என்று மேசைக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள் அந்தப் பெண். கதவைத் தள்ளியதும் வாடை முகத்தில் அறைந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய், பாயோடு இழுத்து அவளை வாசலுக்குக் கொண்டுவந்தார். உதடு நீலமாக இருந்தது. மூச்சு இருந்தது, ஆனால் அடுத்த மூச்சு வருமா என்று ஒவ்வொரு தடவையும் சந்தேகமாக இருந்தது. அவர் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கம் கூடியது. ஒருவர் ஆம்புலன்சுக்குச் சொன்னார், ஒருவர் வயலுக்கு ஓடினார். பூர்ணிமா போனை வைக்குமுன் சொல்லியிருந்தபடி, தார்ப்பாய்க்கு அடியிலிருந்த மாத்திரைப் பொட்டலத்தை ஒரு பையன் எடுக்கப் போனபோது ஜாஃபர் அவனைத் தடுத்து, ஜன்னலை வெளியிலிருந்தே திறக்கச் சொல்லி, கலைமகள் ஓடி வந்ததும் மாத்திரை வாங்கின கடைக்குப் போன் போட்டு அதன் பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. இதயமும் நுரையீரலும் தாங்கினால் பிழைப்பாள், மூன்று நாள் போகட்டும். கலைமகள் புழுதிக் காலோடு வராந்தாவில் உட்கார்ந்தார். மூன்று நாளும் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஜாஃபரும் கடைக்குப் போகவில்லை. மர்யம் சோறு கொடுத்து அனுப்பினார், அதைக் கலைமகளின் முன்னால் வைத்துவிட்டு ஜாஃபர் சாப்பிடாமல் இருந்தார்.

இரண்டாம் நாள் மாலை மிக்கேல்ராஜ் வந்தார். ஜாஃபரைத் தள்ளிக் கூட்டிப்போய், முதல் தடவையும் இதே கறுப்புதானா என்று கேட்டார். ஆமாம். போட்டோ? இல்லை. இரண்டாவது தடவை? அதுவும் இல்லை. கிழவர் அதற்குமேல் கேட்கவில்லை, தோளில் கைவைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் ஜாஃபருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். போனவருடம் மாசியில் அந்தப் படம் குழுவுக்கு வந்திருந்தால் பூர்ணிமா அன்றைக்கே போன் செய்திருப்பார். ஒரு வருடமாக அந்தப் பெண் விஷத்தைச் சுவாசித்திருக்கிறாள். பெட்டி மூன்று தடவை அதைச் சொல்லியது, அவர் மூன்று தடவையும் ரப்பர் வைத்துத் துடைத்தார். அவமானத்தைவிட இது பெரியது. இதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள் காலை இசைவாணி கண் திறந்து அம்மா எங்கே என்று கேட்டாளாம். ஆபத்து தாண்டிவிட்டது என்றார் டாக்டர். என்ன விஷம் என்று வந்தவுடனே தெரிந்ததால் நேரம் வீணாகவில்லை என்றும் சொன்னார்.

கலைமகள் அழுது முடித்ததும் ஜாஃபரைப் பிடித்துக்கொண்டார். வார்டில் வருகிற நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரர்கள், துடைக்க வந்த அம்மாள், ஒருவர் பாக்கியில்லை. "இந்த பாய் இல்லன்னா எம்புள்ள இல்ல. பெட்டியப் பாத்தே கண்டுபுடிச்சாரு" என்று எல்லோரிடமும் சொன்னார். குவைத்துக்குப் போன் போட்டுக் கணவரைப் பேசச் சொன்னார். அந்த மனிதர் கடலுக்கு அப்பாலிருந்து அழுதார். ஜாஃபர் போனைக் காதில் வைத்தபடி நெருப்பின்மேல் நிற்பதுபோல் நின்றார்.

பெண்தான் பிழைத்துவிட்டாளே, இனி அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று பூர்ணிமாகூடப் போனில் சொல்லிப் பார்த்தார். ஆனால் சங்கத்தின் விதி விதிதான். கலைமகள் நன்றி சொல்லச் சொல்ல, சொல்லாமல் இருப்பது திருட்டுப்போல் இருந்தது அவருக்கு. மத்தியானம் வராந்தாவில் ஆள் குறைந்ததும், பெஞ்சில் கலைமகளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"தங்கச்சி, என்னைய யாருகிட்டயும் புகழாதீங்க. மாசியிலயே அந்தக் கறுப்ப நான் பாத்தேன். பனின்னு சொன்னேன். ஐப்பசியிலயும் பாத்தேன், மழைன்னு சொன்னேன். ரெண்டு தடவையும் யாரையும் கேக்காம எங் கையாலயே துடைச்சேன். கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். வாணி இங்க வந்து படுத்திருக்க வேண்டியதே இல்ல."

கலைமகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டட்டும், அடிக்கட்டும், எழுந்து போகட்டும் என்று ஜாஃபர் காத்திருந்தார்.

"நீங்க எங்கிட்ட வந்து சொல்லிட்டீங்க பாய். மாத்திரைய வச்சது எங் கைதானே. அந்துப்பூச்சி வருதுன்னு பொட்டலம் பொட்டலமா வச்சேன். தார்ப்பாய் போட்டா ஒண்ணும் ஆவாதுன்னு அவ கேட்டதுக்கு நாந்தான் சொன்னேன். தலைவலின்னு அவ அழுதப்ப பெட்டியத் திட்டினேன். நான் யாருகிட்டப் போயிச் சொல்லுவேன்?"

மணி நான்கானது. பார்வையாளர்களை உள்ளே விட்டார்கள். கலைமகள் எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவகிட்டயே சொல்றேன். நீங்களும் கூட வாங்க பாய்" என்றார்.

இருவரும் உள்ளே போனார்கள். இசைவாணி மூக்கில் குழாயோடு, ஒரு சுற்று இளைத்து, ஆனால் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலைமகள் கட்டிலில் உட்கார்ந்து மகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "மாத்திரைய வச்சது அம்மாதான்டி" என்று ஆரம்பித்தார். ஜாஃபர் சாதிக் கட்டிலின் கால்மாட்டில் நின்று, தன் முறைக்காகக் காத்திருந்தார்.