இளம்பரிதி ஏற்றிய ராகு காலம்

ஏழு நாளுக்கும் ராகு காலம் எப்போது என்று காலண்டரைப் பார்க்காமல் உங்களால் சொல்ல முடியுமா? ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவைக் கவனிக்கும் இளம்பரிதியால் முடியும். அவர் பகுத்தறிவாளர். ஒரு நாள் விடாமல் மீற வேண்டுமானால் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டுமே.

யாருக்கு என்ன விலை, எந்த ஆர்டருக்கு யார் ஒப்புதல் என்ற விற்பனை விதிகளைச் சோதனைத் தளத்தில் அமைத்துப் பார்த்துவிட்டு, கம்பெனி தினமும் புழங்கும் நிஜத் தளத்துக்கு மாற்றுவது அவர் வேலை.

"நல்ல நேரம் பாத்து ஏத்துப்பா" என்றார் மேனேஜர் சுப்பராயன்.

இளம்பரிதி அவருக்கு ஒரு பிரசங்கம் செய்துவிட்டு, செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, ராகு காலம் பிறந்த நிமிடத்திலேயே, எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றினார். ஒன்றையும் திறந்து படிக்கவில்லை. தான் அமைத்ததைத் தானே சந்தேகிப்பதா?

சற்று நேரத்தில் விற்பனைப் பிரிவு அஃப்ஷா வந்து நின்றார். ஜெர்மன் ஆர்டரை நாலு மணிக்குள் பதிவு செய்யாவிட்டால் அது வேறு கம்பெனிக்குப் போய்விடும். அடுத்த வாரம் தையல் பிரிவுப் பெண்களுக்கு வேலையும் இருக்காது, கூலியும் இருக்காது.

"இன்னா சார் இது? ஆர்டர் போட்டா தொரத்துது."

திரையில் இருந்தது: 'இது ராகு காலம். பிறகு வரவும்.'

சுப்பராயன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியா தம்பி, மிஷினுக்கே தெரியுது."

சுப்பராயனைக் கிண்டல் செய்வதற்காகச் சோதனைத் தளத்தில் இளம்பரிதியே எழுதிய விதி அது. ஏழு நாளுக்கும் நேரம் பிசகாமல் எழுதியிருந்தார். ராகு காலம் முடிவதோ நாலரைக்கு. சத்தமில்லாமல் நீக்கிவிடலாம். ஆனால் அப்புறம் இந்த ஆபீசுக்கு ஆயுசுக்கும் ராகுதான் மேனேஜர்.

"நான்தான் சார் எழுதினேன். உங்கள ஓட்டறதுக்கு."

"பிரசங்கம் அப்பறம் சார், மொதல்ல அத அழிங்க" என்றார் அஃப்ஷா. விதிகளின் பட்டியல் திரையில் விரிந்ததும் விரலை நீட்டினார். "அதுக்குக் கீழ இருக்கறதையும்."

ஆர்டர் தாமதமானால், காரணம் கேட்கும் கட்டத்தில் 'பெண்கள் லீவு' என்று தானாகவே விழும் விதி அது. பழைய மென்பொருளில் யாரோ வைத்தது, அப்படியே இதிலும் வந்துவிட்டது.

"தோலு லேட்டா வந்தாகூட அவங்க மேலதான் எழுதுது. அதக் காட்டிதான் லீவே தர மாட்டேன்றாங்க. எத்தினி வாட்டி உங்ககிட்ட சொல்லிட்டேன்."

சொல்லியிருந்தார்தான். அப்போதெல்லாம் இளம்பரிதி பெண் விடுதலைக் கூட்டத்துக்குப் பேச்சு தயாரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டையும் அழித்தார். ஆர்டர் ஏறியது.

"ராகு காலத்துலயே ஏறிடுச்சே" என்று முணுமுணுத்தார் சுப்பராயன். இளம்பரிதி பிரசங்கத்தை விட்டுவிட்டு, அடுத்த விதியைத் திறந்து படிக்கத் தொடங்கினார்.

உங்கள் அலுவலகத்திலும் யாரோ எப்போதோ நிரப்பிவைத்த கட்டம் ஒன்று இருக்கும். இன்றே திறந்து படியுங்கள். பழி யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். பார்த்ததும் அழித்துவிடுங்கள்.