அனாஃபித் தீவில் என் மகளைத் தேடிய பொலிஸ்காரர்

மூன்று வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை காலை, ஸ்காபரோவில் என் குசினி மேசையில் இருந்தபடியே, கிரேக்கத் தீவு ஒன்றின் பொலிஸ்காரரை வெயிலுக்குள் நடக்க வைத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தப் பதற்றம் இன்னும் முழுதாகப் போகவில்லை. எழுதினால் போகும் என்று என் கணவர் சொல்கிறார். இவர் சொல்லி எது போயிருக்கிறது?

எங்கள் ஒரே மகள் மயூரி. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். கோடை விடுமுறைக்கு இரண்டு சிநேகிதிகளோடு கிரேக்கம் போகிறேன் என்றாள். சரி, ஏதென்ஸைப் பார்க்கட்டும், இடிந்த கோயில்களைப் பார்க்கட்டும் என்று தலையாட்டினேன். பிறகு வரைபடத்தை விரித்து, விரலை வைத்துக் காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கடலுக்குள் ஒரு புள்ளி... மை தெறித்த மாதிரி.

"உதிலை ஆக்கள் இருக்கினமோ?"

"கொஞ்சப் பேர் இருக்கினம் அம்மா. அதுதான் பொயின்ற்."

அனாஃபி. அதுதான் புள்ளியின் பெயர். மகள் ரிக்கற் எடுக்கப் போனாள். நான் நூலகத்துக்குப் போனேன். நான்கு சுற்றுலாப் புத்தகங்களை இரவல் வாங்கிவந்து, சோதனைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். தீவு முழுவதற்கும் ஒரே ஊர், மலை உச்சியில், வெள்ளை வெள்ளையாக. கீழே ஒரு சின்னத் துறைமுகம். கிழக்கு மூலையில் கடலிலிருந்து எழுந்து நிற்கும் ஒற்றைப் பாறை. அதன் தலையில் ஒரு மடம். ஆதியில் புயலில் வழி தெரியாமல் தவித்த மாலுமிகளுக்குத் தெய்வம் வெளிச்சம் காட்ட, இருட்டுக்குள் இந்தத் தீவு தென்பட்டதாம். வாரத்தில் சில நாட்களுக்குத்தான் கப்பல். காற்று அடித்தால் அதுவும் இல்லை.

இந்தத் தீவிலிருந்து முன்னொரு காலத்தில் கட்டட வேலைக்கு ஏதென்ஸ் போன ஆட்கள், நகரத்தின் நடுவிலேயே, அந்தப் பெரிய கோயில் மலைச் சரிவில், தங்கள் ஊரைப்போலவே குட்டிக் குட்டி வெள்ளை வீடுகள் கட்டிக் குடியேறிவிட்டார்களாம். அந்த இடத்தில் மட்டும் எனக்கு அந்தச் சனத்தைப் பிடித்துப்போனது. போன இடத்தில் ஊரைக் கட்டுகிற வியாதி ஊரைவிட்டு வந்த எங்களுக்கு மட்டும் இல்லை.

அடுத்த பக்கத்தில், அங்கே கடற்கரையில் கூடாரமடித்துத் தங்குகிறவர்கள் உடுப்பைப்பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை என்று எழுதியிருந்தது. அந்தப் புத்தகத்தை மட்டும் இவர் கண்ணில் படாமல் நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சொந்தக்காரருக்கு என்ன சொல்வது? இருபது வயதுப் பெண்பிள்ளை, யாரும் கேள்விப்படாத தீவு, துணைக்குப் பெரியவர்கள் இல்லை. "மயூரி லண்டனுக்குப் போறாள், பெரியம்மா வீட்டை" என்று சொல்லிவைத்தேன். பத்துப் பேருக்குச் சொன்ன பிறகு எனக்கே அது உண்மைபோல இருந்தது.

அவள் புறப்படுமுன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: பிராங்க்ஃபர்ட்டில் இறங்கினால் ரெலிபோன். ஏதென்ஸில் ரெலிபோன். கப்பல் ஏறமுன் ஒன்று, இறங்கினபின் ஒன்று. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, நான் பாஸ்போட்டோடைதான் போறன்" என்றாள்.

அவளுக்கு எங்கே விளங்கும்? எங்கள் வீட்டில் பயணம் என்றால் அப்படித்தான். பத்து வருடத்துக்கு முந்தி, எண்பதுகளின் நடுவில், என் தம்பி குகன் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பிக் கொழும்பிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டான். ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு அழைப்பு வரும். நாங்கள் அப்போது ஒற்றை அறை அப்பார்ட்மென்றில் ரெலிபோனைச் சுற்றி இருப்போம். ஏதென்ஸிலிருந்து ஒரு தரம் பேசினான். அதன் பிறகு இருபத்துமூன்று நாள் சத்தமில்லை. அழைப்பு வராவிட்டால் ஆள் பிடிபட்டுவிட்டது — எங்களுக்குத் தெரிந்த கணக்கு அதுதான். ஒருவழியாக வந்து சேர்ந்தவன், ஏதென்ஸ் சிறைக்குள் மறியலில் இருந்ததாகச் சொன்னான். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

மயூரி பிராங்க்ஃபர்ட்டிலிருந்து பேசினாள். ஏதென்ஸிலிருந்தும் பேசினாள். "இப்ப கப்பல் ஏறப்போறம்" என்றாள். செவ்வாய்க்கிழமை அது.

புதன் இல்லை. வியாழன் இல்லை. வெள்ளி முழுவதும் வேலைக்குப் போகாமல் இருந்தேன். ரெலிபோன் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தூக்கித் தூக்கி வைத்தேன். "நீர் உப்பிடித் தூக்கினால் பிள்ளைக்கு லைன் கிடைக்குமே?" என்றார் இவர். ரி.வி.யில் கண்ணை வைத்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ரி.வி.யில் அப்போது விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

சனி விடிந்ததும் ரோசத்தை விட்டுவிட்டு, பிக்கரிங்கில் இருக்கும் செல்லத்துரை அண்ணையை அழைத்தேன். கிரேக்கக் கப்பல்களில் பதினொரு வருடம் என்ஜின் அறையில் வேலை செய்தவர். எனக்குத் தெரிந்தவர்களில் கிரேக்கம் பேசக்கூடிய ஒரே மனிதர்.

"பிள்ளை லண்டனிலை எண்டெல்லோ கேள்விப்பட்டன், தங்கச்சி?"

"ஓம் அண்ணை. லண்டனுக்குக் கொஞ்சம் தெற்காலை."

அவர் சிரிக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் வீட்டு வாசலில் நின்றார். சர்வதேச ஒப்பரேற்றரைப் பிடித்து, அந்தத் தீவின் பொலிஸ் நிலையத்து எண்ணை வாங்கி, மேசையில் நிமிர்ந்திருந்து பேசத் தொடங்கினார். என்ஜின் அறைக் கிரேக்கமல்லவா, கத்தித்தான் பேச வந்தது. எனக்கு விளங்கியவை 'கனடா', 'மயூரி', 'மமா' மூன்றும்தான். திடீரென்று ரெலிபோனின் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை என்ன குற்றம் செய்தது எண்டு கேக்கிறார்."

"ஒண்டும் செய்யேல்லை அண்ணை. ரெலிபோன் எடுக்கேல்லை. அவ்வளவுதான்."

அதைச் சொன்னார். மறுமுனையில் ஏதோ சொன்னார்கள்.

"என்னவாம்?"

"தனக்கும் தாய் இருக்கிறாவாம். தேடிப் பாக்கிறாராம்."

அடுத்த இரண்டு மணித்தியாலத்தைப்பற்றி எழுதமாட்டேன். செல்லத்துரை அண்ணை மூன்று தேத்தண்ணீர் குடித்தார். இவர் ரி.வி.யை நிறுத்தியிருந்தார். எங்கள் வீட்டில் அது நடப்பதில்லை.

மணி அடித்தது.

"அம்மா."

"உயிரோடை இருக்கிறியோ பிள்ளை?"

"நான் இருக்கிறன். நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள்?"

அவள் சொல்லச் சொல்ல எனக்குக் காது சுட்டது. பொலிஸ்காரர் சீருடையோடு, சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மணலுக்குள் கால் புதையப் புதைய, "மயூரி கனடா, மயூரி கனடா" என்று கூப்பிட்டுக்கொண்டு கடற்கரை நீளத்துக்கு வந்திருக்கிறார்.

"அந்த மனுசன் வரேக்கை பாதிப் பேர் உடம்பை மூட ரவலைத் தேடி ஓடினவை, தெரியுமே? ரெய்ட் எண்டு நினைச்சு."

"நீ?"

"நான் சுவிம்சூட் போட்டிருந்தனான், அம்மா."

அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்றுதான் இருந்தேன்.

"இப்ப ஐலண்ட் முழுக்க என்னைத் தெரியும். பேக்கரியிலை நிக்கிற மனுசி, அம்மாவோடை கதைச்சாச்சோ எண்டு கேக்கிறா. அதோடை கப்பல் வரும் வரைக்கும் ஒவ்வொரு நாளும் பின்னேரம் பொலிஸ் ஸ்ரேசனுக்கு வந்து போகட்டாம். இஞ்சை முந்தி கவர்ன்மென்ற் தனக்குப் பிடிக்காத ஆக்களைக் கொண்டுவந்து விட்டதாம். அவையளும் இப்பிடித்தான் பொலிசிலை வந்து முகம் காட்டவேணுமாம். அவைக்குப் பிறகு நான்தான்."

"அங்கை ரெலிபோன் பழுதோ பிள்ளை?"

காற்றின் இரைச்சலுக்குள் அவள் குரல் இறங்கிவந்தது.

"இல்லை. முதல் நாள் கியூ நிண்டது. பிறகு கடலுக்குப் போனம்... மறந்திட்டன் அம்மா. உண்மையா மறந்திட்டன்."

மறந்துவிட்டாள். சூறாவளி, கடத்தல், கப்பல் கவிழ்தல் — நான்கு நாளில் எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்திருந்தேன். இது ஒன்றுதான் என் பட்டியலில் இல்லை.

அன்று பின்னேரம் பிறம்ரனிலிருந்து குகன் வந்தான். இப்போது அங்கே லொறி ஓட்டுகிறான். கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவன், நடுவில் நிறுத்திவிட்டு மேசை விரிப்பைச் சுரண்டினான்.

"அக்கா, ஒண்டு சொல்லுறன். ஏசக்கூடாது. நான் ஏதென்ஸிலை மறியலிலை இருந்தது நாலு நாள்தான்."

"மிச்ச பத்தொன்பது நாளும்?"

"அடுத்த பிளேன் வரும் வரைக்கும் நிண்டுகொள் எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னவன். பக்கத்திலை கடல். நல்ல வெயில். எனக்கு இருபத்திரண்டு வயசு... என்ன சொல்ல. கோல் பண்ணவேணும் எண்டு ஒவ்வொரு நாளும் நினைச்சனான்."

நான் அந்த இருபத்துமூன்று நாளும் மச்சம் மாமிசம் தொடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவன் நீந்தியிருக்கிறான்!

ஏசவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது சிரிப்பு. அதற்குப் பின்னால் கொஞ்சம் அழுகை. போனவர்கள் எல்லாரும் எங்கோ ஒரு கடற்கரையில் நன்றாகத்தான் இருந்திருக்கிறார்கள். இரண்டு தரமும் மறியலில் இருந்தது நான்.

மயூரி கறுத்துப்போய்த் திரும்பி வந்தாள். சண்டைக்கு ஆயத்தமாக இருந்தேன். அவள் சண்டை பிடிக்கவில்லை. கோப்பை கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கு இப்ப கோபமில்லை அம்மா. ஆனா இனி எங்கை போறன் எண்டு உங்களிட்டைச் சொல்லப் பயமாக்கிடக்கு."

அவள் காணாமல்போன நான்கு நாளிலும் வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. தீவில் தொலைந்தால் செல்லத்துரை அண்ணை இருக்கிறார். இப்படித் தொலைந்தால் யாரை அழைப்பது?

இன்று காலை யூனியன்விலில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்றாள். காரில் இருபத்தைந்து நிமிடம். கேட்காமலே விலாசம் சொன்னாள். ரெலிபோன் எண்ணையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

"ஆனா போய்ச் சேர்ந்து கோல் பண்ணமாட்டன். வேணுமெண்டுதான். நீங்கள் பழகவேணும்."

அவள் போய் ஒன்றரை மணித்தியாலம் ஆகிறது. பழகிக்கொண்டிருக்கிறேன்.