மாலையோடு விலை கேட்கப் போனோம்

கொட்டகலையில் கடை வைத்திருக்கும் என் கணவரும் நானும் புதுக் கார் வாங்கக் கண்டிக்குப் போனோம். இரண்டு ஷோரூம்களில் விலை கேட்டு, குறைத்துத் தருபவரிடம் வாங்குவதாகத் திட்டம்.

முதல் ஷோரூமில் விலை கேட்டதும், "நாங்க இன்னொரு எடத்துலயும் பாத்துட்டு வர்றோம் தம்பி" என்று கணவர் கறாராகச் சொன்னார். விற்பனையாளர் அவரைப் பார்க்கவில்லை. என் மடியிலிருந்த பையைப் பார்த்தார். வண்டிப் பூசைக்கு வாங்கிய மாலையும் எலுமிச்சம்பழங்களும் வெளியே தெரிந்தன.

"நல்ல நேரம் எத்தன மணி வரைக்கும் அக்கா?"

"பதினொன்றரை" என்று நான்தான் உளறினேன்.

"அப்ப இன்னும் அரை மணிநேரந்தாங்க இருக்கு" என்று ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். நேரம் தவறிவிடுமே என்று அங்கேயே வாங்கினோம். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மறுவாரம் பக்கத்துக் கடைக்காரர் அதே காரை அடுத்த ஷோரூமில் விலை குறைத்து வாங்கி வந்தார். சீட் கவர் வேறு இலவசம்!

போன வெள்ளிக்கிழமை என் தம்பிக்கு வேன் வாங்கப் போனபோது, மாலைப் பையைப் பூக்கடையிலேயே விட்டுவிட்டுப் போனேன். ஷோரூமில் அன்றும் நல்ல நேரம் பற்றிக் கேட்டார்கள்.

"அதெல்லாம் நாங்க பாக்குறதில்லைங்க" என்றேன்.

நன்றாகக் குறைத்தார்கள். விலை படிந்ததும் பூக்கடைக்கு ஓடினேன். நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது.