இல்லை என்றவர்

விழுப்புரம் ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீஸ் கதவில் ஒருநாள் காலையில் 'நாஸ்திகன்' என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கதவைத் திறக்க வந்த ஹெட்கிளார்க் அதைப் படித்துவிட்டுச் சாவியைப் பூட்டில் நுழைத்தார். அழிக்கவில்லை. அவருக்குக் கீழே குமாஸ்தாவாக இருந்த நானும் அழிக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அது எனக்கு உறுத்துகிறது.

அவர் மனைவி காலராவில் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சாமி கும்பிடும் வழக்கம் அவருக்கு முன்பே கிடையாது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் கொள்ளி வைத்ததோடு சரி, காரியம் செய்யமாட்டேன், அஸ்தியும் கரைக்கமாட்டேன் என்றதும் ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். மாமியார் வந்து மூன்று வயதுப் பெண் குழந்தையைக் கண்டமங்கலத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவர் திண்டிவனத்தில் பூட்டிக்கிடந்த தகப்பனார் வீட்டில் தங்கி, தினமும் ரயிலில் வந்துபோனார். மத்தியானம் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நாங்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டோம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே சுவரைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிடுவார்.

ஞாயிறுதோறும் குழந்தையைப் பார்க்கக் கண்டமங்கலம் போவார். மாமியார் உள்ளே விடுவதில்லை என்று கேள்விப்பட்டு, மனசு கேட்காமல் ஒருநாள் நானும் கூடப் போனேன். அந்த அம்மாள் வாசலை மறித்து நின்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல் என்னிடம்தான் பேசினாள்.

"நீங்களே கேளுங்க. எம் பொண்ணு கரையேறாம அலைஞ்சிக்கினு கீறா. அஸ்தி கரைக்காதவன்தான் நாஸ்திகன்னு ஊரே பேசிக்கினு கீது. அவருகிட்ட எப்பிடிங்க கொழந்தைய உடறது?"

அவர் படியிறங்கி நடந்தார். திரும்பும்போது வண்டியில் நான்தான் கேட்டேன். "அந்த அர்த்தம் தப்பாச்சே சார். எடுத்துச் சொல்லக் கூடாதா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே விளக்கினார். வடமொழியில் 'அஸ்தி' என்றால் 'உண்டு'. முன்னால் 'ந' சேர்ந்தால் 'இல்லை'. எலும்பைச் சொல்கிற அஸ்தி வேறு சொல். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன. பழைய காலத்தில் வேதத்தை ஒப்புக்கொள்ளாதவர்களுக்கும் மறுவுலகம் இல்லை என்றவர்களுக்கும் அதுதான் பெயராம். "எங்க திண்டிவனம் பக்கம் நயினாருங்க, சமணருங்க, கோயில் கட்டி பூசை பண்றவங்க. அவங்க முன்னோருங்களையும் அப்பிடித்தான் சொன்னாங்க."

என் பக்கம் திரும்பினார். பிறகு, "இல்லன்னு சொல்றவன் நாஸ்திகன்னா, நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். அவ இல்ல. வீட்டுக் கதவெத் தொறந்தா தெரியுது. அதுல சாமி எங்க வந்துது?" என்றார்.

"அப்போ கரைச்சுட வேண்டியதுதானே சார்?"

"ஒரு கலயத்துல வச்சிருக்கேன். அதெயும் உட்டுட்டா எங்கிட்ட இன்னா கீது?"

இப்போது அந்தச் சொல்லைச் சிலர் வசையாகவும் சிலர் பெருமையாகவும் சொல்லக் கேட்கிறேன். எனக்கோ, யாருமில்லாத வீட்டை ஒருவர் திறந்துகொண்டு போவதுதான் கண்ணுக்குள் வருகிறது.

அடுத்த ஞாயிறும் நான் கூடப் போனேன். மனைவியின் புடவைத் துண்டில் சுற்றிய கலயத்தை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்று நீட்டினார். "நீங்களே கரைச்சிடுங்க. கொழந்தைய ஒரு தபா பாத்துட்டுப் போறேன்."

அந்த அம்மாள் இரண்டு கையாலும் வாங்கினாள். புடவைத் துண்டை அடையாளம் கண்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். புதுச்சேரிக் கடல் பக்கந்தானே, நாளைக்கே போய்க் கரைத்துவிடலாம் என்று நான் சொன்னேன்.

"நாளைக்கு வேணாங்க" என்றாள், கலயத்தை மாரோடு அணைத்தபடி. "இருக்கட்டும். கொஞ்ச நாளு எங்கூட இருக்கட்டும்." பிறகு முதல் தடவையாக அவரைப் பார்த்தாள். "உள்ள வாங்க மாப்ள."

குழந்தைக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அவர் கூப்பிடாமல் தரையில் உட்கார்ந்து, வெயில் இறங்கும்வரை காத்திருந்தார். அது அவர் மடிக்கு வர இன்னும் நான்கு ஞாயிறு பிடித்தது. கலயத்தைக் கரைத்தாயிற்றா என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை; அந்த அம்மாளும் சொல்லவில்லை.