எருமை என்று சொன்னதற்கு ஒரு புகார்

கோகிலவாணி பிறந்து வளர்ந்தது எடப்பாடியில், விசைத்தறிக் கொட்டகையை ஒட்டிய வீட்டில். தறிச் சத்தத்துக்கு மேலே பேசினால்தான் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கும். அப்படிப் பழகிய குரல், கல்யாணமாகிச் சங்ககிரிப் பக்கம் வந்த பிறகும் இறங்கவில்லை. கணவர் கந்தப்பன் லாரியில் வடக்கே போனால் திரும்ப இருபது நாளாகும். நெடுஞ்சாலை ஓரம், லாரிப் பட்டறைகளுக்கு நடுவே அவள் இட்லிக்கடை போட்டாள். புதிதாக வருகிறவர்கள் அவள் அதட்டலில் திடுக்கிடுவார்கள். சட்னிக்காக மறுநாளும் வருவார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் தீனதயாளன் என்ற டிரைவர் கடை வாசலை அடைத்தபடி லாரியை நிறுத்தினான்.

“கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கண்ணா” என்றாள்.

பட்டறை ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் ஒரு வார்த்தை சொன்னான். அவள் உடம்பையும், கணவன் ஊரில் இல்லாததையும் சேர்த்துச் சொன்ன வார்த்தை. நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு நேரே காவல் நிலையத்துக்கு நடந்தாள். “வாய்ப்பேச்சுக்கெல்லாமா கேஸு?” என்று ஊரே கேட்டது. அவள் விடவில்லை. வழக்கு நடந்தது. தீனதயாளன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். அதன்பின் அவன் அந்தக் கடைப் பக்கமே வரவில்லை.

இந்த ஐப்பசி மழையில் கடைக்கு எதிரே சாக்கடை அடைத்துக்கொண்டது. மூன்று முறை மனு கொடுத்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. உள்ளூர்ச் செய்திகளைக் கைப்பேசியில் எடுத்துப் போடும் ஒருவர் வந்து மைக்கை நீட்டியதும் கோகிலவாணி கொட்டித் தீர்த்துவிட்டாள்.

“எருமைகூட இந்தத் தண்ணியப் பாத்தா ஒதுங்கிப் போவுதுங்க. எங்க கவுன்சிலரு தெனமும் இதைத் தாண்டித்தான் போறாரு. எருமைக்கு இருக்கற ரோசங்கூட அவருக்கு இல்லீங்க!”

ஒரே நாளில் அது ஊர் முழுக்கச் சுற்றியது. இரண்டாம் நாள் கவுன்சிலர் அருணகிரி, பொதுவெளியில் தன்னை எருமை என்று இழிவுபடுத்தியதாகப் புகார் கொடுத்தார். மறுநாள் காலை விசாரணைக்கு வரச் சொல்லி அன்றே காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தது.

அவளுக்குக் கை ஓடவில்லை. இட்லி மாவில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். போலீஸைவிட ஒரு யோசனைதான் அவளை அதிகம் அரித்தது. கந்தப்பனுக்குப் போன் போட்டாள்.

“அன்னைக்குப் பேச்சுக்குச் சட்டம் வேணும்னு நாந்தானுங்க போயி நின்னேன். இன்னைக்கு என் பேச்சுக்கு மட்டும் வேண்டாம்னு எந்த வாயில சொல்றது?”

“மன்னிப்புக் கேட்டுட்டு வந்துரு வாணி” என்றார் அவர். அதற்கும் அவளுக்கு மனம் வரவில்லை.

காவல் நிலையத்தில் அருணகிரி முன்பே உட்கார்ந்திருந்தார். வாசல் ஓரமாக, சற்றும் எதிர்பாராமல், தீனதயாளன் நின்றான். தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல அவனைக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்றே அவள் நினைத்தாள்.

பெண் எஸ்.ஐ. ஒருவர் அந்த வீடியோவை முழுதாகப் பார்த்தார்.

“மேடம்,” என்றார் அருணகிரி, “ஒரு டிரைவர் திட்டினதுக்கு இந்தம்மா கோர்ட்டு வரைக்கும் போனாங்க. அவங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?”

பின்னாலிருந்து குரல் வந்தது.

“அந்த டிரைவர் நாந்தானுங்க மேடம். அபராதம் கட்டுனவன் நானு. ஒரு வார்த்தை சொல்லலாமுங்களா?”

எஸ்.ஐ. தலையசைத்தார்.

“லாரியத் தள்ளி நிறுத்தச் சொன்ன அக்காவ, நாலு பேரு முன்னால தலைநிமிர முடியாதபடி பேசினேன். அதுக்குக் கேஸு போட்டது சரிதானுங்க. ஆனா இவங்க பேசினது கவுன்சிலர் ஊட்டு விசயமில்லீங்க. சாக்கடைய அள்ளச் சொன்னாங்க. கோவத்துல எருமைன்னுட்டாங்க. ரெண்டையும் ஒண்ணாக்கினா, அப்புறம் எவனும் மனுவே கொடுக்க மாட்டானுங்க.”

கோகிலவாணி அருணகிரியின் பக்கம் திரும்பினாள். “எருமைன்னது உங்க மனசுக்குக் கஷ்டமா இருந்தா அதுக்கு வருத்தப்படறேனுங்கண்ணா. அள்ளலீங்கறதை மட்டும் மாத்திச் சொல்ல மாட்டேன்.”

எஸ்.ஐ. அருணகிரியைப் பார்த்தார். “கடுமையாத்தான் பேசியிருக்காங்க. ஆனா உங்க வேலையைப் பத்தித்தான் பேசியிருக்காங்க. இதுல நான் கேஸ் போட ஒண்ணுமில்லைங்க. அவதூறுன்னு நெனச்சா நீங்களே கோர்ட்டுக்குப் போகலாம்.”

அருணகிரி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். பிறகு கோர்ட்டுக்கு அவர் போகவும் இல்லை. புகார் முடிந்தது என்று எழுதிய தாளில் கோகிலவாணி கையெழுத்துப் போட்டாள்.

வெளியே டீக்கடை பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். தீனதயாளன் இரண்டு டீ வாங்கி வந்தான்.

“எதுக்குண்ணா வந்தீங்க? யாரு கூப்பிட்டது?”

“யாருங் கூப்பிடலீங்கக்கா. நான் பேசினதும் நீங்க பேசினதும் ஒண்ணுன்னு நான் இப்பப் போற பட்டறையில சொல்லிச் சிரிச்சாங்க. கேக்கச் சகிக்கல. வந்துட்டேன்.”

அவள் டீயை வாங்கிக்கொண்டாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது திடீரென்று நினைவுக்கு வந்தது. கடைக்காரர் தட்டில் சூடாகப் போட்ட போண்டாக்களில் ஒன்றை எடுத்துப் பிட்டு, ஆவி பறக்கப் பறக்க வாயில் போட்டுக்கொண்டாள். அடுத்ததை அவன் பக்கம் நகர்த்தினாள்.