ஒரு சாவி, பதினோரு சாமி

திருச்சானூர் பாலசுந்தரம் கார் எடுக்க வருகிறார் என்பது அடுத்த தெருவுக்கே கேட்டுவிடும். அவருடைய பழைய அம்பாசிடர் சாவியோடு பதினோரு சாமிகள் குலுங்கி வருவார்கள். எந்தக் கோயிலுக்குச் சவாரி போனாலும் ஒரு டாலர் வாங்கிக் கோத்துவிடுவார். பெருமாள், தாயார், காணிப்பாக்கம் பிள்ளையார், திருத்தணி முருகன் என்று முப்பது வருடத்தில் கொத்து தேங்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

ஒருநாள் சாவி திரும்ப மறுத்தது. முன்பெல்லாம் மூன்று கோவிந்தா போட்டு ஆட்டினால் வண்டி கிளம்பும்; அன்று முப்பது போட்டும் அசையவில்லை. விடிந்தால் நாராயணவனத்தில் கல்யாணம். பெண்ணை அழைத்துப் போவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

மெக்கானிக் தனசேகர் லாக்கைக் கழற்றிக் காட்டினான். "சாவியும் தேய்ஞ்சிச்சி, உள்ளேயும் தேய்ஞ்சிச்சி. இவ்ளோ வெயிட்டு தொங்கிக்கினு ஆடுனா எந்த லாக்குண்ணா தாங்கும்? புதுசு போட்டுட்டேன். சாமிங்கள எறக்கிடு."

"எந்தச் சாமிய எறக்கறது? நீயே சொல்லு."

"என்ன ஏண்ணா மாட்டிவுடற?" என்று தனசேகர் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பாலசுந்தரம் வீட்டில் கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தாயாரை எடுத்தால் பெருமாள் தனியாகிவிடுவார். முருகனை எடுத்தால் தமிழ்நாட்டுச் சவாரிகள் கோபித்துக்கொள்ளும். பொய்யைப் பொறுக்காத காணிப்பாக்கத்தாரைத் தொடவே துணியவில்லை. வெயிட்டிங் நேரத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னதெல்லாம் அவருக்குத் தெரியுமே.

மனைவி துர்காதேவி எட்டிப் பார்த்தாள். "சாமிய எறக்குனாத்தான பாவம்? சாவிய எறக்கு."

அப்படியே செய்தார். மனசு லேசாயிற்று.

காலையில் கை நிறைய பதினோரு சாமிகள், சாவியைத்தான் காணோம். ஒற்றைச் சாவி சத்தம் போடுமா? பெண்ணின் அப்பா மோகன்ராஜ் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வாசலிலேயே நடந்தார். கடைசியில் துர்காதேவி காருக்குள் குனிந்தாள். நேற்று சாயங்காலம் போட்டுத் திருப்பிப் பார்த்ததிலிருந்தே சாவி லாக்கில்தான் இருந்திருக்கிறது.

"விடியவிடிய சாவி வண்டியிலயே! எல்லாம் சாமி காவல்!" என்றார் மோகன்ராஜ்.

"இந்த வண்டிய எடுக்க எந்தத் திருடனுக்கு மனசு வரும்?" என்றாள் துர்காதேவி.

முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போய்ச் சேர்ந்தார்கள். தாலி ஏறியதும் மோகன்ராஜ் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளை டாலரை நீட்டினார். கல்யாண வெங்கடேஸ்வரர்.

"நல்லபடியா கொண்டாந்து சேத்தே, பாலா. சாவியில மாட்டிக்கோ."

பாலசுந்தரம் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டாஷ்போர்டில் உட்கார்ந்திருந்த கொத்தில் இனி இடமில்லை. லாக்கில் சாவி மட்டும் மொட்டையாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான, தனசேகரு" என்று எதிரில் இல்லாதவனிடம் கெஞ்சிவிட்டு, மாட்டினார்.