கப்பல் கிளம்பிய பிறகு

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் அமெரிக்காவில், சன்னிவேலில் இருந்தோம். லீவே போடாத என் கணவர் முதல்முறையாக என்னையும் மகளையும் கப்பல் சுற்றுலாவுக்கு அழைத்துப் போனார். வழியில் ஒரு கிரேக்கத் தீவு. காலையில் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாலைக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும்.

மேட்டுப் பாதையில் ஏறும்போது, "நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் கொஞ்சம் உட்கார்ந்துட்டு வரேன்" என்று ஒரு கடை வாசலில் அமர்ந்தார். நாங்கள் திரும்பி வந்தபோது கண்மூடிச் சுவரில் சாய்ந்திருந்தார். எதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் என் மகள் அவரை உலுக்கி, "அப்பா, எழுந்திருங்கப்பா!" என்று கத்தினாள்.

மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே உயிர் இல்லை.

நாங்கள் அங்கே இருக்கும்போதே கப்பல் கிளம்பிவிட்டது. அந்தக் கடைக்கார அம்மா மட்டும் கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மறுநாள் எங்களுக்கு உதவ ஆள் வரும்வரை என் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

என்ன பேசுவது என்ற பயத்தில், அதுவரை துக்க வீடுகளுக்குப் போகாமல் தட்டிக்கழிப்பேன். இப்போது போகிறேன். பேசுவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன்.